விரலுக்கும் செவிக்கும் நடுவே

ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைப்பதை இக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு வேடிக்கை நினைவிருக்கும். துணி கல்லின்மேல் அறைவதைக் கண் பார்த்துவிடுகிறது. ஓசையோ, அவர் துணியை மறுபடியும் தலைக்குமேல் தூக்கும் வேளையில்தான் காதுக்கு வந்து சேருகிறது. சிறு பிராயத்தில் இதைக் கண்டு வியந்த நாம், ஒளி கணப்பொழுதில் வந்துவிடுகிறது என்றும், ஒலி காற்றின் வழியே விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வீதம் வருகிறது என்றும் பின்னர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, அந்த ஆச்சரியத்தை ஒரு கணக்காக்கி மறந்தும் போனோம். இந்த அத்தியாயத்துக்கு அந்தக் கணக்கே மூலதனம். விநாடியை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மில்லி விநாடி. அந்த ஒரு மில்லி விநாடியில் ஒலி கடக்கும் தூரம் 34 சென்டிமீட்டர். அதாவது ஓர் அடிக்குச் சற்று அதிகம். ஆகவே தாமதத்தைத் தூரமாகவும், தூரத்தைத் தாமதமாகவும் மாற்றிச் சொல்ல நமக்கு எளிய அளவுகோல் ஒன்று கிடைத்துவிட்டது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், கீபோர்டு வாசிப்பதில் நல்ல பயிற்சி உடையவர், தம் மடிக்கணினியில் பியானோ ஒலி தரும் மென்பொருளை நிறுவி, கீபோர்டை அதனோடு இணைத்து, முதல் நாள் வாசிக்க உட்கார்ந்தபோது திகைத்துப் போனார். விரல் கட்டையை அழுத்திய பிறகு, ஒலி ஏதோ யோசித்துவிட்டு வருவதுபோல வந்தது. மெதுவான பகுதிகளை எப்படியோ சமாளித்தார். வேகமான பகுதிக்கு வந்ததும், ஒலி வரட்டும் என்று விரல் காத்திருக்க, விரல் காத்திருப்பதால் ஒலி இன்னும் பிந்த, வாசிப்பு படிப்படியாக நொண்டிக்கொண்டு நின்றே போயிற்று. கணினி பழையது என்று அவர் முடிவு செய்தார்; விலை உயர்ந்த புதிய கணினி ஒன்றை வாங்கவும் எண்ணினார். அந்த முடிவு தவறு என்பதையும், ஏன் தவறு என்பதையும் விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

முதலில், எவ்வளவு தாமதத்தை மனிதச் செவி பொறுத்துக்கொள்ளும்? இதற்கு ஒரே எண்ணாக விடை சொல்ல முடியாது. ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்தில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949-ல் தம் ஆராய்ச்சியில் காட்டியபடி, ஓர் ஒலியும் அதன் பிரதியும் ஏறத்தாழ 30 மில்லி விநாடிக்குள் வந்து சேருமானால், செவி அவற்றை இரண்டாகக் கேளாமல் ஒன்றாகவே கேட்கிறது. இது கேட்பவரின் கதை. செய்பவரின் கதை வேறு. 1950-ல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர், பேசுகிறவரின் குரலையே சிறிது தாமதப்படுத்தி அவர் காதில் ஒலிக்கச் செய்தபோது, சரளமாகப் பேசுகிறவர்களும் திக்கித் தடுமாறினார்கள். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவான தாமதத்தில் அந்தத் தடுமாற்றம் மிகக் கடுமையாயிற்று. கேட்பவருக்கு ஒரு பொருட்டாகாத தாமதம், தம் செயலின் பயனைத் தாமே கேட்டு அடுத்த செயலைச் செய்கிறவருக்குக் காலில் கட்டிய கல்லாகிவிடுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் செய்த பரீக்ஷை ஒன்று இதைவிடச் சுவையானது. இருவரைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒருவர் கைதட்டுவது மற்றவருக்குக் குறித்த தாமதத்துடன் கேட்கும்படி செய்து, பின்னிப் பிணைந்த ஒரு தாளத்தை இருவரும் சேர்ந்து தட்டச் சொன்னார்கள். தாமதம் மிகுந்தபோது தாளம் தேய்ந்து மெதுவாயிற்று என்பதில் வியப்பில்லை. ஆனால் தாமதத்தை மிகவும் குறைத்தபோது தாளம் ஓட்டம் பிடித்தது. ஏறத்தாழ 11 மில்லி விநாடி என்ற அளவில்தான் காலப்பிரமாணம் மிக நிலையாக நின்றது. இதை நம் அளவுகோலால் பெருக்கிப் பார்த்தால் நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இருவர் ஒரு கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து வாசிக்கக்கூடிய தூரம். மனிதன் தொன்றுதொட்டுக் காற்றின் வழியாகவே சேர்ந்திசைத்து வந்தவன் ஆதலால், காற்று விதிக்கும் சிறு தாமதம் அவனுடைய லயத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது போலும்.

இனி நம் இளைஞரின் கணக்கைப் பார்ப்போம். அவருடைய கணினியில் கீபோர்டிலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் ஆன தாமதம் சுமார் 50 மில்லி விநாடி. நிமிஷத்துக்கு 120 அக்ஷரம் என்ற வேகத்தில், அக்ஷரத்துக்கு நாலு ஸ்வரம் வாசித்தால், ஒரு ஸ்வரத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 125 மில்லி விநாடி. அதில் ஐந்தில் இரண்டு பங்கை யந்திரம் விழுங்கிவிடுகிறது. தூரமாகச் சொன்னால், அவர் 17 மீட்டருக்கு அப்பால் ஒரு பியானோவை வைத்துவிட்டு, இங்கிருந்தபடியே நீண்ட கழிகளால் அதன் கட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தார்.

இந்தத் தொல்லை கணினியோடு பிறந்ததன்று. காந்த நாடாவில் ஒலிப்பதிவு செய்த காலத்திலும், பதிவு செய்யும் தலை ஓரிடத்திலும், பதிந்ததைப் படிக்கும் தலை சில சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தன. நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வீதம் ஓடும் யந்திரத்தில், இரு தலைகளுக்கும் இடையே நாலு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தாமதம் 100 மில்லி விநாடிக்கும் அதிகம். முன்பு பதிந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் இன்னொரு வாசிப்பைப் பதிய விரும்பினால், இரண்டும் அந்த அளவு விலகி நிற்கும். 1950-களில் ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் இதற்கு ஓர் எளிய யுக்தி கண்டார்கள்: பழைய பதிவைக் கேட்பதற்கும் பதிவுத் தலையையே பயன்படுத்துவது. பழையதும் புதியதும் நாடாவின் ஒரே இடத்தில் சந்திப்பதால் இடைவெளி மறைந்தது. அந்த ஏற்பாடு கொண்ட எட்டுத் தடப் பதிவுக் கருவியை 1957-ல் முதலில் பெற்றவர் கிடார்க் கலைஞர் லெஸ் பால். தாமதத்தை ஒழிக்க நாடாவை வேகமாக ஓட்ட வேண்டியதில்லை, ஒலி போகும் பாதையைக் குறுக்கினால் போதும் என்ற பாடம் அப்போதே கற்கப்பட்டுவிட்டது. கணினி வந்தபின் அதை மறுபடியும் கற்க நேர்ந்தது.

கணினிக்குள் ஒலி எப்படிப் பிரயாணம் செய்கிறது? மைக்கில் விழும் குரல் மின் அலையாக மாறி, ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் சிறு பெட்டிக்குள் நுழைகிறது. அங்கே அந்த அலையின் உயரம் விநாடிக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. இந்த எண்ணைச் சாம்பிள் என்பார்கள். எண்கள் யூஎஸ்பி கம்பி வழியே கணினிக்குள் சென்று, பாட்டை எதிரொலியூட்டியும் மெருகேற்றியும் செப்பனிடும் மென்பொருளிடம் கொடுக்கப்பட்டு, மீண்டும் அதே வழியில் பெட்டிக்கு வந்து, மின் அலையாகி, ஹெட்போனில் ஒலியாகின்றன. அளக்கும் சில்லுகளும், எண்ணை அலையாக்கும் சில்லுகளும், தமக்குள் இருக்கும் வடிகட்டிகளின் பொருட்டு ஒரு மில்லி விநாடி அளவுக்குச் சுங்கம் வசூலிக்கின்றன. அதை நாம் குறைக்க முடியாது; குறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பெரும் சுங்கச்சாவடி வேறிடத்தில் இருக்கிறது. அதற்குப் பெயர் பஃபர்.

பஃபர் என்பதை ஒரு கலியாணப் பந்தியைக் கொண்டு விளக்கலாம். பந்தியில் அமர்ந்திருப்பவர் விசித்திரமானவர். விநாடிக்கு 48,000 பருக்கை வீதம், ஒன்று கூடாமலும் ஒன்று குறையாமலும், ஒரே சீராக உண்பவர். ஒரு கணம் பொறுங்கள் என்று அவரிடம் சொல்ல முடியாது. பரிமாறுவதற்கு இரண்டு வாளிகள் உண்டு. ஒன்றிலிருந்து இலையில் விழுந்துகொண்டிருக்கும்போதே மற்றொன்று சமையற்கட்டில் நிரம்பிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வாளி தீரும் தறுவாயில் இரண்டாம் வாளி வந்து நிற்க வேண்டும். பெரிய வாளியாக இருந்தால் பரிசாரகர் நிதானமாக நடக்கலாம், வழியில் இரண்டு வார்த்தை பேசலாம், இலை காலியாகாது. ஆனால் சாம்பாரில் உப்புக் குறைவு என்று ஒருவர் சொன்னால், திருத்திய சாம்பார் இலைக்கு வருவது, ஏற்கெனவே நிரம்பிய பெரிய வாளி தீர்ந்த பிறகே. சிறிய வாளியாக இருந்தால் திருத்தம் உடனுக்குடன் வந்து சேரும். ஆனால் பரிசாரகர் ஓயாமல் ஓட வேண்டும், ஒரே ஒரு தடவை வாசலில் யாரோடேனும் பேச நின்றுவிட்டாலும் இலை காலி.

விரல் கட்டையை அழுத்துவதுதான் அந்த உப்புச் செய்தி. இலை காலியாவதே ஒலியில் நாம் கேட்கும் ‘டிக்’, ‘படபட’ என்ற உடைசல். 48,000 கணக்கில் வாளியின் கொள்ளளவு 1024 சாம்பிள் என்றால் ஒரு வாளிக்கு 21 மில்லி விநாடி. 512 என்றால் ஏறக்குறைய 11. 256 என்றால் 5.3, 128 என்றால் 2.7, 64 என்றால் 1.3. கணினியில் உருவாகும் ஒலியைக் கீபோர்டால் வாசிப்பவர் வெளியே வரும் வழிக்கு மட்டும் இந்தச் சுங்கம் செலுத்துகிறார். மைக்கில் பாடி, கணினி வழியே தம் குரலைக் கேட்பவர் உள்ளே போகும் வழிக்கும் சேர்த்து இருமுறை செலுத்துகிறார்.

அப்படியானால் வாளியை மிகச் சிறியதாக வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. இன்றைய கணினியின் செயலி, 64 சாம்பிளுக்கான கணக்கை அதற்குரிய 1.3 மில்லி விநாடியில் ஒரு சிறு பகுதிக்குள் முடித்துவிடக் கூடியது. ஆயினும் அது அந்த வேலைக்கென்று மட்டும் காத்துக்கிடப்பதில்லை. வைஃபை, திரையில் படத்தைத் தீட்டும் சில்லு, பாட்டரியை அளக்கும் சாதனம், வைரஸ் தேடும் மென்பொருள் என்று பல கைகள் அதன் தோளைத் தட்டிக் கூப்பிடுகின்றன. அவற்றுள் சில, தம்முடைய காரியம் முடியும்வரை வேறு எவரையும் அணுக விடாதபடி செயலியைப் பிடித்து நிறுத்திக்கொள்கின்றன. ஆயிரம் தடவையில் 999 தடவை உரிய வேளைக்கு வந்து, ஒரு தடவை நாலு மில்லி விநாடி பிந்தி வரும் கணினி, மற்ற எல்லாக் காரியத்துக்கும் மிக வேகமான கணினியே; 64 சாம்பிள் வாளியைச் சுமக்கும் காரியத்துக்கு மட்டும் அது உதவாது. அந்த ஆயிரம் தடவையும் ஒன்றரை விநாடிக்குள் வந்து போய்விடுவதால், ஒன்றரை விநாடிக்கு ஓர் உடைசல் கேட்கும். வேகம் என்பது சராசரியைப் பற்றியது. தவணை தவறாமை என்பது மிக மோசமான அந்த ஒரு தடவையைப் பற்றியது. விலை உயர்ந்த கணினி முதலாவதைத் தரும். இரண்டாவதைத் தரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இயங்குதளங்களை வகுத்தவர்களுக்கு இசை முதற்காரியமாக இருக்கவில்லை. பழைய விண்டோஸில் எல்லா மென்பொருள்களின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து வெளியிட ஒரு பொதுக் கலவைக்கூடம் இருந்தது. அதற்குள் நுழைந்து வருவதற்கே சுமார் 30 மில்லி விநாடி செலவாயிற்று. ஹாம்பர்கிலுள்ள ஸ்டைன்பெர்க் நிறுவனத்தார் 1997-ல் ஏஸியோ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, இசை மென்பொருள் அந்தக் கூடத்துக்குள் போகாமலே இன்டர்ஃபேஸை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளோடு நேரே பேசும்படி ஒரு குறுக்குவழி வெட்டினார்கள். ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸில் கோர் ஆடியோ என்ற பகுதி இயங்குதளத்தின் அங்கமாகவே அமைந்தது. லினக்ஸ் உலகில் பால் டேவிஸ் என்பவர் இதே காரியத்துக்கு ஜாக் என்ற மென்பொருளை எழுதினார். ஆனால் லினக்ஸின் கருவிலேயே, அவசரக் காரியத்துக்கு மற்றவை வழிவிட வேண்டும் என்ற ஒழுங்கைப் புகுத்துவதற்கு இங்கோ மோல்நார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பாடுபட்டார்கள். அவர்களுடைய திருத்தங்கள் 2024-ல்தான் முழுமையாக மூலக் கருவில் சேர்ந்தன. கணினியை விரைவாக்குவதைவிடத் தவணை தவறாததாக்குவது எத்துணைக் கடினம் என்பதற்கு இந்த இருபது ஆண்டுகளே சாட்சி.

நம் இளைஞரிடம் திரும்புவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் இருவரும் அவருடைய கணினியின்முன் உட்கார்ந்தோம். அவரிடம் இன்டர்ஃபேஸ் ஒன்று இருந்தது. ஆனால் மென்பொருளின் அமைப்பில் ஏஸியோவைத் தேர்ந்தெடுக்காமல் விண்டோஸின் பொது வழியையே விட்டுவைத்திருந்தார். இன்டர்ஃபேஸைச் செய்தவர்களே தந்த ஏஸியோ டிரைவரை நிறுவி, அதைத் தேர்ந்தெடுத்து, பஃபரை 256-ல் வைத்ததும், விரலும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றாயின. அவர் முகம் மலர்ந்தது. 128-க்கு இறக்கினோம், வாணலியில் கடலை பொரிவதுபோல் ஒலியில் படபடப்பு எழுந்தது. செயலியின் சுமையைக் காட்டும் முள் கால் பங்கைக்கூடத் தாண்டவில்லை. எந்த டிரைவர் செயலியை அதிக நேரம் பிடித்து நிறுத்துகிறது என்று காட்டும் லேட்டன்ஸிமான் என்ற சிறு மென்பொருளை ஓடவிட்டோம். பட்டியலின் தலையில் வைஃபை நின்றது. வைஃபையை அணைத்தோம். படபடப்பு பெரும்பாலும் ஓய்ந்தது. நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு ‘டிக்’ மட்டும் மிஞ்சியது. மின்சாரச் சிக்கனத்துக்காகச் செயலி தன் வேகத்தை அடிக்கடி குறைத்தும் ஏற்றியும் வந்ததே அதற்குக் காரணம். சிக்கன ஏற்பாட்டை மாற்றி, சார்ஜரைச் செருகியதும் அதுவும் அடங்கியது. ஒரு காசு செலவில்லாமல் அந்தப் பியானோ 17 மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வந்து சேர்ந்தது.

வேறு சில செலவுகள் மென்பொருளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டர் வகைப் பிளக்இன்களுள் (மென்பொருளோடு இணைக்கும் துணைக் கருவிகளுள்) பல, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளவேண்டி, ஒலியைச் சில மில்லி விநாடி பிடித்து வைக்கின்றன. சில வகை அதிர்வெண் வடிகட்டிகள் பத்துக்கணக்கான மில்லி விநாடிகளை எடுத்துக்கொள்கின்றன. எல்லாத் தடங்களும் ஒத்திசைய வேண்டும் என்பதால், மென்பொருள் மிகப் பிந்தி வரும் தடத்துக்காக மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கிறது. ஆகவே பதிவு செய்யும்போது இத்தகைய பிளக்இன்களை அணைத்துவைத்து, பதிவு முடிந்து கலவை செய்யும்போது, பஃபரையும் 1024-க்கு உயர்த்திக்கொண்டு, அவற்றை மீண்டும் அழைப்பதே விவேகம். கலவை செய்பவருக்கு விரலும் செவியும் ஒத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. விநாடிக்கு 96,000 அளவீடு என்று உயர்த்தினால் அதே 128 சாம்பிள் பாதி நேரத்தில் தீரும் என்பது உண்மையே; ஆனால் பரிசாரகர் இருமடங்கு ஓட வேண்டும் என்பதும் உண்மை. புளூடூத் ஹெட்போனைப் பற்றி ஒரே வாக்கியம் போதும்: அதன் தாமதம் பொதுவாக 100 மில்லி விநாடிக்கு மேல், பாட்டுக் கேட்பதற்கு நன்று, வாசிப்பதற்கு ஆகாது.

பாடுகிறவருக்கு மட்டும் ஒரு சூக்ஷ்மமான இடர் உண்டு. தம் குரல் அவருக்கு எலும்பின் வழியாக உடனே கேட்டுவிடுகிறது. அதே குரல் ஹெட்போனில் மூன்று மில்லி விநாடி பிந்தி வந்தால், தாமதமாக அதை அவர் உணரமாட்டார். ஆனால் இரு குரல்களும் கலக்கும்போது 167, 500, 833 ஹெர்ட்ஸ் என்ற இடங்களில் ஒன்றை ஒன்று தேய்த்து, குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவதுபோன்ற ஒரு வெறுமையை உண்டாக்குகின்றன. இதற்குப் பஃபரைக் குறைத்துக்கொண்டே போவது பரிகாரமாகாது. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டரிங் என்ற ஒரு திருகு அல்லது பொத்தான் இருக்கிறது. அது மைக்கின் ஒலியைக் கணினிக்குள் அனுப்புவதோடு, கணினியைச் சுற்றாமல் நேரே ஹெட்போனுக்கும் அனுப்பிவிடுகிறது. மென்பொருளில் வரும் தம் குரலை அணைத்துவிட்டு, இந்தக் குறுக்குவழியில் கேட்டுப் பாடினால் தாமதம் என்ற பேச்சே இல்லை. ஆம்பெக்ஸ் யந்திரத்தில் கண்ட அதே யுக்திதான் இது: ஒலியை விரட்டாமல் அதன் பாதையைக் குறுக்குவது.

வாசகர் தம் கணினியின் உண்மையான தாமதத்தை அறிய விரும்பினால், மென்பொருள் காட்டும் எண்ணை நம்பி இருக்க வேண்டாம். இன்டர்ஃபேஸின் வெளிவாயிலை ஒரு கம்பியால் அதன் உள்வாயிலோடு இணையுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஒலியளவை அடக்கமாக வையுங்கள். ஒரு தடத்தில் ‘டிக்’ என்ற ஒற்றை ஓசையை வைத்து, அது ஒலிக்கும்போதே வேறொரு தடத்தில் பதிவு செய்யுங்கள். மென்பொருள் பதிவைத் தானே முன்னே நகர்த்திச் சரிசெய்யும் ஏற்பாடு இருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள். பின்னர்த் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், முதல் ஓசைக்கும் பதிந்த ஓசைக்கும் உள்ள இடைவெளி, போய்வந்த மொத்தத் தாமதமாகும். அந்த மில்லி விநாடிகளை 34 சென்டிமீட்டரால் பெருக்குங்கள். வரும் விடை நாலு மீட்டருக்குள் இருந்தால், கணினியை விட்டுவிட்டுச் சாதகத்தைக் கவனியுங்கள்.